இரண்டு பர்சரியைக் குளிருக்கு ஒதுக்குங்கள்: டர்பன் வட்டாரத் தமிழ்ச் சங்கங்களின் கல்வி நிதிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்கள், செயலாளர்கள், கல்வி நிதிக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரிந்திருக்கும். சனிக்கிழமை காலையில் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். மற்ற நாட்களில் மருத்துவமனைகளில் எம்ஆர்ஐ இயந்திரங்களைப் பராமரிப்பது என் வேலை. அதிலும் அந்த இயந்திரத்தின் குளிர்ப் பகுதி. காந்தத்தைக் குளிர்விக்கும் திரவ ஹீலியம், அதைக் குளிராக வைக்கும் கம்ப்ரசர், கோல்ட் ஹெட் என்று பதினெட்டு வருடமாக இதே பிழைப்பு.

எழுத வைத்தது ஒரு பெண் பிள்ளை. எங்கள் வகுப்பில் சின்ன வயதில் அ, ஆ படித்தவள். இங்கே டர்பனிலேயே எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, மேற்படிப்புக்கு ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும் என்கிறாள். மீக்கடத்தியில், அதாவது கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் சூப்பர் கண்டக்டரில், கணினிச் சுற்றுகள் வடிவமைக்கும் படிப்பு. உங்களைப் போன்ற ஒரு குழுவிடம் பர்சரிக்கு, அதாவது உதவித்தொகைக்கு, விண்ணப்பித்தாள். எந்தக் குழு என்று இங்கே சொல்லப் போவதில்லை, அது அவளுக்கும் நல்லதல்ல. மருத்துவம், மருந்தியல், கணக்கியல், சட்டம், ஆசிரியர் பயிற்சி, கம்ப்யூட்டர் என்று ஒரு பட்டியல் இருக்கிறதாம். அதில் இது இல்லை. "இதைப் படித்தால் வேலை எங்கே இருக்கிறது?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அவளுடைய ஆயா, பாட்டிதான், என்னிடம் வந்து, "நீங்க அந்த மாதிரி வேலைதானே செய்றீங்க, நீங்களே சொல்லுங்க" என்றார்.

கேட்ட கேள்வியில் தப்பில்லை. சமூகத்தின் பணத்தைக் கொடுப்பவர்கள் கேட்கத்தான் வேண்டும். அதற்குச் சரியான பதில் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். எனக்குத் தெரிந்ததை வைத்து நான் சொல்கிறேன்.

2023-ஐ நினைத்துப் பாருங்கள். முந்நூறு நாளுக்கு மேல் லோட் ஷெடிங், அதாவது முறைவைத்த மின்வெட்டு, இருந்த வருடம் அது. அந்த வருடத்தில் ஒரு திங்கட்கிழமை, காலை ஆறு மணிக்கு ஒரு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. எம்ஆர்ஐ அறைக்குள் நுழைந்தால் நான் முதலில் மீட்டரைப் பார்ப்பதில்லை, காதைத்தான் கொடுப்பேன். உள்ளே நோயாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த அறையில் ஒரு சத்தம் ஓயாமல் இருக்கும். சிக்-குக், சிக்-குக் என்று நொடிக்கு ஒரு தடவை. அதுதான் கோல்ட் ஹெட், அந்த இயந்திரத்தின் மூச்சு. அன்றைக்கு அறை அமைதியாக இருந்தது. வெள்ளி இரவு கரண்ட் போய் வந்தபோது கூரையில் இருந்த, கம்ப்ரசருக்குக் குளிர்ந்த தண்ணீர் அனுப்பும் சில்லர் டிரிப் ஆகிவிட்டது. அந்த சில்லரை ஜெனரேட்டர் லைனில் யாரும் சேர்த்திருக்கவில்லை. தண்ணீர் ஓட்டம் நின்றதும் ஹீலியம் கம்ப்ரசர் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒருவரும் கவனிக்கவில்லை. வெள்ளியன்று 81 சதவீதம் காட்டிய ஹீலியம் மட்டம் 76-க்கு வந்திருந்தது. கூரைக்கு ஏறிப் பார்த்தேன், ஹீலியம் வெளியேறும் குழாயின் வாயில் வெள்ளையாக உறைபனி பிடித்திருந்தது.

ஆனால் காந்தத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குள் ஓடும் மின்னோட்டம் பல வருடத்துக்கு முன்னால், நிறுவியபோது ஒரே ஒரு தடவை ஏற்றியது. அதற்குப் பிறகு வெளியிலிருந்து யாரும் கரண்ட் கொடுக்கவில்லை, அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதன் கம்பி மீக்கடத்தி. கரண்டை எதிர்க்கும் தடை அதில் இல்லாததால் குறைவதற்கு வழியே இல்லை. மருத்துவமனை முழுக்க இருட்டாகக் கிடந்த நேரத்திலும் அந்த மின்னோட்டம் மட்டும் நிற்கவில்லை. காந்தம் கரண்ட் கேட்பதில்லை, அதைக் குளிராக வைத்திருப்பதற்குத்தான் கரண்ட் வேண்டும். அந்தப் பிள்ளை படிக்க நினைப்பதன் முழுக் கணக்கும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

கணினி ஏன் சுடுகிறது? சிலிக்கான் டிரான்சிஸ்டர் ஒவ்வொரு தடவை 0-விலிருந்து 1-க்கும் 1-லிருந்து 0-க்கும் மாறும்போதும், இணைப்புக் கம்பியில் கொஞ்சம் மின்னூட்டத்தை நிரப்பி, பிறகு கொட்டுகிறது. கொட்டுவதெல்லாம் வெப்பம். ஒரு தடவைக்கு அது மிகமிகச் சிறிய அளவுதான். ஆனால் ஒரு சிப்பில் நூறு கோடிக் கணக்கில் டிரான்சிஸ்டர்கள், நொடிக்கு நூறு கோடிக் கணக்கில் துடிப்புகள். 2024-இல் உலகத்தின் தரவு மையங்கள் சுமார் 41,500 கோடி யூனிட் மின்சாரம் தின்றன என்று சர்வதேச எரிசக்தி முகமை கணக்கிட்டது. தென்னாப்பிரிக்கா முழுவதும் ஒரு வருடத்தில் செலவழிப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம் மின்சாரத்தில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் நிலக்கரியிலிருந்து வருகிறது. அந்தக் கரி மூச்சில் கலப்பது என்னவென்று டர்பனின் தெற்குப் பக்கத்தில் புகையோடு வாழ்ந்தவர்களிடம் நான் சொல்ல வேண்டியதில்லை.

மின்தடையே இல்லாத பொருளில் அந்த சுவிட்சைச் செய்தால் என்ன? இந்தக் கேள்விக்கு வயது எழுபதாகிறது. 1911-இல் ஹாலந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓனஸ் பாதரசத்தை 4.2 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்வித்தபோது அதன் மின்தடை சட்டென்று மறைந்தது. (நம் முன்னோரை நேட்டாலுக்கு ஏற்றி வந்த கடைசி ஒப்பந்தக் கூலிக் கப்பலும் அதே 1911-இல்தான் வந்தது. வகுப்பில் இந்த வருடத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.) 1956-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் டட்லி பக் என்ற இளைஞர், டாண்டலம் கம்பி ஒன்றின் மேல் மெல்லிய நியோபியம் கம்பியைச் சுற்றி, திரவ ஹீலியத்தில் முக்கினார். சுற்றிய கம்பியில் கொஞ்சம் கரண்ட் விட்டால் அதன் காந்தப்புலம் உள்ளே இருக்கும் டாண்டலத்தின் மீக்கடத்தலைக் கெடுத்துவிடும். ஒரு மின்னோட்டம் இன்னொன்றைத் திறக்கவும் மூடவும் செய்கிறது. அதுதானே டிரான்சிஸ்டரின் வேலை? கிரையோட்ரான் என்று அதற்குப் பெயர் வைத்தார். வேகம் போதவில்லை, சிலிக்கான் முந்திக்கொண்டது. பக் 1959-இல், 32 வயதிலேயே இறந்துபோனார்.

அப்புறம் ஜோசப்சன். 1962-இல் கேம்பிரிட்ஜில் 22 வயது மாணவர். இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவில் சில அணுக்கள் தடிமனுள்ள மின்காப்புப் படலம் இருந்தாலும் மின்னோட்டம் தடையின்றி அதைத் தாண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். ஜோசப்சன் சந்தி என்று பெயர் பெற்ற அந்த அமைப்பு ஒரு நொடியின் லட்சம் கோடியில் சில பங்கு நேரத்தில் மாறுகிறது. ஐபிஎம் நிறுவனம் அதை வைத்துக் கணினி செய்யப் பல வருடம் முயன்று, 1983-இல் கைவிட்டது. இரண்டே வருடம் கழித்து மாஸ்கோவில் லிக்காரெவ் குழு வேறு வழி கண்டது. மின்னழுத்தம் கூடக் குறைய இருப்பதை 1, 0 என்று படிக்காமல், காந்தப்பாயத்தின் மிகச் சிறிய ஒரு பொட்டலம் வந்தால் 1, வராவிட்டால் 0. இன்றைக்கும் இந்தத் துறையில் பலர் நடப்பது அந்தப் பாதையில்தான்.

சரி, அப்படியானால் எதற்கு இன்னும் ஆராய்ச்சி? ஜோசப்சன் சந்திக்கு இரண்டு கால்தான். டிரான்சிஸ்டருக்கு மூன்று கால். மூன்றாவது காலில் கொஞ்சம் தட்டினால் மற்ற இரண்டுக்கும் இடையில் பெரிய ஓட்டம் மாற வேண்டும். அடுத்த சுற்றைத் தள்ளும் பலம் அந்த மூன்றாவது காலில்தான் இருக்கிறது. ஜோசப்சன் சந்தி கொடுக்கும் துடிப்பு மில்லிவோல்ட் அளவு. ஹீலியத்துக்குள் உட்கார்ந்திருக்கும் சுற்று, வெளியே இருக்கும் சாதாரண சிலிக்கான் சிப்போடு பேச வேண்டும் என்றால் அந்தக் குரல் எட்டாது.

மூன்று காலுக்குப் பல முயற்சிகள் உண்டு. 1980-களில் ஜப்பானின் என்டிடி ஆய்வுக்கூடத்தில் இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவில் அரைக்கடத்தி வைத்து, மேலே கேட் என்ற கட்டுப்பாட்டு மின்முனை போட்டு, மின்னழுத்தத்தால் கட்டுப்படுத்தினார்கள். வேலை செய்தது. ஆனால் கேட்டுக்குக் கொடுக்க வேண்டிய அழுத்தம், வெளியே கிடைக்கும் அழுத்தத்தைவிடப் பெரியது. அதனால் ஒன்று அடுத்ததைத் தள்ள முடியவில்லை. 2018-இல் இத்தாலியின் பீசாவில், வெறும் உலோக மீக்கடத்தியையே கேட் அழுத்தத்தால் அடக்கிக் காட்டினோம் என்றார்கள். பெரிய ஆச்சரியம். அடுத்த சில வருடங்களில் வேறு ஆய்வுக்கூடங்கள், அது மின்புலத்தின் வேலையாக இருக்காது, கேட்டிலிருந்து கசிந்து பாயும் எலக்ட்ரான்கள் கொண்டுவரும் ஆற்றலால்தான் மீக்கடத்தல் கெடுகிறது என்று காட்டின. அந்த வாதம் நடக்கிற விதம் எனக்குப் பிடிக்கும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் செய்து பார்த்துத்தான் ஒப்புக்கொள்கிறார்கள்.

என் மனம் நிற்பது 2014-இல் எம்ஐடியில் மெக்காகனும் பெர்க்ரனும் செய்ததில். நானோ கிரையோட்ரான் என்று பெயர். எங்கள் தொழிலில் குவெஞ்ச் என்றால் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். காந்தத்தின் கம்பியில் எங்கோ ஓரிடம் மீக்கடத்தலை இழக்கும். அந்த இடம் சூடாகும், அந்தச் சூடு பக்கத்து இடத்தையும் கெடுக்கும், சில நொடிகளில் காந்தம் முழுவதும் போய்விடும். ஆயிரம் லிட்டருக்கு மேல் ஹீலியம் ஆவியாகி, கூரைக் குழாய் வழியாக அலறிக்கொண்டு வெளியேறும். ஒரே ஒரு தடவை நான் அதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். நாங்கள் எதைக் கண்டு பயப்படுகிறோமோ, அதையே இவர்கள் சுவிட்சாக்கிவிட்டார்கள். நியோபியம் நைட்ரைடில் ஒரு மெல்லிய பட்டை. அதன் பக்கத்தில் ஒரு குறுகிய கழுத்து, அதன் அகலம் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கழுத்தில் துளி கரண்ட் விட்டால் அங்கே ஒரு சூட்டுப் புள்ளி பிறக்கும், பட்டை முழுவதும் மீக்கடத்தலை இழக்கும், பெரிய ஓட்டம் வெளிப்பக்கம் திரும்பிவிடும். கரண்டை நிறுத்தினால் மறுபடி குளிர்ந்து பழைய நிலைக்கு வந்துவிடும். மூன்று கால், போதுமான பலம், சாதாரண சிலிக்கானோடும் பேச முடிகிறது. குறை என்னவென்றால், சூடாகி ஆறுவதால் ஜோசப்சன் சந்தியைவிட வேகம் குறைவு, ஆற்றல் செலவு அதிகம். அதனால் இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் வழி என்று எனக்குப் படுகிறது. கணக்குப் போடுவது சந்தி, வெளியே எடுத்துச் சொல்வது நானோ கிரையோட்ரான்.

குளிர்விக்கும் செலவை மறைத்துப் பேசினால் நான் உங்களை ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம். 4.2 கெல்வினில் 1 வாட் வெப்பத்தை வெளியே எடுக்க, இயற்கை விதிப்படியே குறைந்தது 70 வாட் செலவாகும். உண்மை இயந்திரத்தில், மிகப் பெரிய ஹீலியம் ஆலை என்றால் இருநூறு, முந்நூறு வாட். நான் தினம் தொடும் சைஸ் கோல்ட் ஹெட் என்றால் பல ஆயிரம் வாட். ஆகவே வீட்டு மேஜை மேல் இந்தக் கணினி வரப் போவதில்லை. பெரிய தரவு மையத்துக்கும் பெரிய கணக்குகளுக்கும்தான் கட்டுபடியாகும். அப்படியும் லாபம் இருக்கிறதா? ஜப்பானின் யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழகத்தார் 20,000-க்கு மேல் ஜோசப்சன் சந்திகள் கொண்ட ஒரு சிறிய 4-பிட் செயலியை 2020-இல் செய்து காட்டினார்கள். குளிர்விக்கும் செலவையும் சேர்த்துப் பார்த்தாலும், அந்த வகைச் சுற்று அன்றைய சிறந்த சிலிக்கானைவிட 80 மடங்கு சிக்கனம் என்பது அவர்கள் கணக்கு. நினைவகம் இன்னும் பெரிய தலைவலி. ஒரு சிப்பில் அடுக்கக்கூடிய சந்திகளும் சிலிக்கானோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. பத்து வருடத்தில் முடியும் என்று உங்களிடம் நான் சத்தியம் செய்ய மாட்டேன். வேலை பாக்கி இருப்பதால்தான் படிக்க ஆள் வேண்டும் என்கிறேன்.

இதெல்லாம் அமெரிக்கா, ஜப்பான் சமாச்சாரம், நமக்கு எதற்கு என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். ஐயா, நம் நாட்டில் இருப்பதைக் கொஞ்சம் பாருங்கள். மீக்கடத்திச் சுற்றுகளை வடிவமைக்கும்போது ஒவ்வொரு கம்பித் துண்டின் மின்தூண்டலையும் துல்லியமாகக் கணக்கிட வேண்டும், கொஞ்சம் பிசகினாலும் சுற்று வேலை செய்யாது. அதற்கு உலகமெங்கும் இந்தத் துறையினர் எடுத்துப் பயன்படுத்தும் மென்பொருள் இன்டக்டெக்ஸ், நம் ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அமெரிக்க அரசு இதற்கான வடிவமைப்புக் கருவிகளை உருவாக்கப் பணம் கொடுத்தபோது அந்தக் குழுவும் அதில் ஓர் அங்கம். அந்தப் பிள்ளை போக நினைப்பது அங்கேதான். வெளிநாட்டுக் கனவு ஒன்றும் இல்லை, சாலை வழியாக இங்கிருந்து 1,600 கிலோமீட்டர்.

கரூ வறண்ட நிலத்தில் மீர்கேட் ரேடியோ தொலைநோக்கியின் 64 தட்டுகள் நிற்கின்றன. அவற்றின் ஏற்பிகளை 20 கெல்வின் வாக்கில் குளிர்வித்து வைத்திருக்கிறார்கள். அங்கே போனாலும் அதே ஹீலியம் கம்ப்ரசரும் கோல்ட் ஹெட்டும்தான். இப்போது எழுந்துவரும் எஸ்கேஏ என்ற இன்னும் பெரிய தொலைநோக்கியின் தட்டுகளுக்கும் அதைப் பார்த்துக்கொள்ளக் கை வேண்டும். ஃப்ரீ ஸ்டேட்டில் வர்ஜினியா பக்கம், தங்கம் தேடித் தோண்டிய பழைய துளைகளில் எரிவாயுவோடு ஹீலியமும் வருகிறது. உலகத்தின் பல எரிவாயு வயல்களில் நூற்றுக்கு அரைப் பங்குகூடத் தேறாத இடத்தில், அங்கே சில துளைகளில் நூற்றுக்கு 3 பங்குக்கும் மேல். தங்கத்தோடு கிடக்கும் யுரேனியம் கோடிக்கணக்கான வருடமாகச் சிதைந்து விட்ட மூச்சு அது. வடிவமைப்பு அறிவு இருக்கிறது, குளிர் இருக்கிறது, ஹீலியம் இருக்கிறது. மூன்றையும் ஒன்றாகத் தொடத் தெரிந்தவர்கள்தான் விரல் விட்டு எண்ணும் அளவில் இருக்கிறோம். எனக்கே ஓய்வு வயது நெருங்குகிறது. என் இடத்துக்கு ஆள் தேடி இரண்டு வருடமாகிறது, கிடைக்கவில்லை.

அதனால் "வேலை எங்கே?" என்ற கேள்விக்கு என் பதில் இது. மீக்கடத்திக் கணினி நாளைக்கே வராவிட்டாலும் குளிரைக் கையாளத் தெரிந்தவருக்கு எம்ஆர்ஐ இருக்கிறது, தொலைநோக்கி இருக்கிறது, ஹீலியம் ஆலை இருக்கிறது, கெல்வினில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கில் இயங்கும் குவாண்டம் கணினிகள் இருக்கின்றன. வந்துவிட்டால், முதல் வரிசையில் நிற்பது அவர்கள்தான்.

நம் சமூகத்துக்கு இப்படிப் பணம் போடுவது புதிதும் அல்ல. 1860-இல் முதல் ஒப்பந்தக் கூலிகளாக ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கு அரசு பள்ளி கட்டி வைத்துக் காத்திருக்கவில்லை. கரும்புத் தோட்டத்துக் கூலியிலும் காய்கறிக் கடை வருமானத்திலும் பென்னி பென்னியாகச் சேர்த்துக் கட்டியவைதான் நேட்டாலின் எத்தனையோ இந்தியப் பள்ளிகள். எம். எல். சுல்தானை எடுத்துக்கொள்ளுங்கள். திருவிதாங்கூரிலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்து, ரயில் நிலையத்தில் போர்ட்டராக வேலை பார்த்தவர். இரவு வகுப்புகளாக நடந்துகொண்டிருந்த தொழிற்கல்விக்கு 1940-களின் தொடக்கத்தில் பெரும் தொகை கொடுத்தார். அதில் எழுந்த கல்லூரிதான் பிறகு டெக்னிகான் நேட்டாலோடு இணைந்து, இன்றைய டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக ஆனது. நம்மில் எத்தனை குடும்பத்துப் பிள்ளைகள் அந்தப் படிகளில் ஏறி இறங்கியிருக்கிறார்கள்! அவர் பணம் கொடுத்தபோது இந்தியப் பிள்ளைகளுக்குத் தொழில்நுட்ப வேலை திறந்தா கிடந்தது? நிறத்தைப் பார்த்து மூடி வைத்திருந்த காலம் அது. வேலை வந்த பிறகு படிக்க வைப்போம் என்று அவர் இருந்திருந்தால் அந்தக் கல்லூரியே இல்லை.

நான் கேட்பது இரண்டே இரண்டு பர்சரி. நீங்கள் எல்லாச் சங்கமும் சேர்ந்து போட்டாலும் சரி, ஒரு சங்கமே எடுத்துக்கொண்டாலும் சரி. ஒன்று, மீக்கடத்திச் சுற்றுகளில் மேற்படிப்பு படிப்பவருக்கு. இரண்டு வருடக் கட்டணத்தோடு வீட்டு வாடகையும் சேர வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் பலர் கட்டணத்தால் நிற்பதில்லை, வாடகையால்தான் நிற்கிறார்கள். இன்னொன்று மெட்ரிக் முடித்து, பல்கலைக்கழகம் வேண்டாம், கையால் வேலை செய்ய வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைக்கு. குளிர்பதனத் தொழிற்படிப்புக்குப் பணம் கொடுங்கள், கடுங்குளிர் வேலையை நான் கற்றுத் தருகிறேன். என்னோடு வண்டியில் வரட்டும். வெற்றிடக் குழாயில் கசிவு தேடுவது, தங்கம் போலப் பார்த்துப் பார்த்து ஹீலியத்தை ஊற்றுவது, கோல்ட் ஹெட்டின் சத்தம் கொஞ்சம் மாறினாலே கண்டுபிடிப்பது எல்லாம் புத்தகத்தில் வராது. இந்த இரண்டாவது பர்சரியைத்தான் நீங்கள் தயங்குவீர்கள் என்று நினைக்கிறேன். டாக்டர் என்றால் கூட்டத்தில் கைதட்டுகிறோம், டெக்னீஷியன் என்றால் தட்டுவதில்லை. ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலையில் டாக்டர் அந்த அறைக்கு வெளியே காத்துக்கொண்டிருந்தார், உள்ளே நான் நின்றேன்.

விண்ணப்பப் படிவத்தில் இருக்கும் "வேலைவாய்ப்பு உறுதியான துறை" என்ற வரியையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். எந்தத் துறைக்கும் இன்று அந்த உறுதி கிடையாது. அந்த ஒரு வரியைப் பார்த்தே எத்தனை பிள்ளைகள் படிவத்தை நிரப்பாமல் மடித்து வைத்தார்களோ.

அடுத்த மாதப் பொதுக்கூட்டத்தில் எனக்கு இருபது நிமிடம் கொடுங்கள். கழற்றிய பழைய கோல்ட் ஹெட் ஒன்றும், எம்ஆர்ஐ காந்தத்தில் சுற்றும் நியோபியம்-டைட்டானியம் கம்பியில் ஒரு துண்டும் கொண்டுவருகிறேன், எல்லோரும் கையில் வாங்கிப் பார்க்கலாம். அந்தப் பிள்ளையும் வருகிறாள், உங்கள் கேள்விகளுக்கு அவளே பதில் சொல்வாள். அவளுடைய ஆயாவும் முன்வரிசையில் இருப்பார்.

அன்புடன்,
சாட்ஸ்வொர்த் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் ஆசிரியர்களில் ஒருவன்